ராஜபாளையத்தில் சூரியன், ஸ்ரீவில்லிபுத்தூரில் மையம்

பெண்ணுக்கு மூல நட்சத்திரம் என்றால் ஜாதகத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிற வீடுகள் ராஜபாளையத்திலும் உண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உண்டு. "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று ஒரு பழமொழி. மாமனாருக்கு ஆகாதாம்! "அது ஆனி மூலம், பின் மூலம், பேச்சுவழக்கில் திரிந்துவிட்டது" என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது. தரகரிடம்தான் எடுபடுவதில்லை.

இதே மூலத்தை வைத்து இன்னொரு கூட்டம் வேறு கதை சொல்கிறது. நம் பால்வெளி மண்டலத்தின் மையம் மூல நட்சத்திரம் இருக்கும் திசையில்தான் இருக்கிறது. "மூலம் என்றால் வேர். பார்த்தீர்களா, நம் முன்னோர்களுக்கு அப்போதே கேலக்ஸியின் மையம் தெரிந்திருக்கிறது!" என்று ஒரு செய்தி முன்பு மெயிலில் சுற்றியது, இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

திசை சரிதான். அதற்கு மேல் சொல்வதெல்லாம் சரியில்லை. ஏன் என்று பார்க்க, இந்த இரண்டு ஊர்களை வைத்தே ஒரு கணக்குப் போடலாம்.

சூரியனிலிருந்து பால்வெளியின் மையம் சுமார் 26,000 ஒளியாண்டு தூரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நேர்கோட்டில் சுமார் 11 கிலோமீட்டர். மையத்தை ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தடியில் வைத்துவிட்டு, சூரியனை ராஜபாளையம் பஜாரில் வையுங்கள். இந்த அளவில் சூரியக் குடும்பம் எவ்வளவு பெரிது தெரியுமா? நெப்டியூன் வரை எல்லாக் கோள்களையும் சேர்த்தாலும் ஒரு கசகசாவில் பாதிகூட வராது! சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான பிராக்ஸிமா சென்டாரி ஆறடி தள்ளி இருக்கும். பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமெடாவைத் தேடிப் போனால் ஹைதராபாத்தையும் தாண்டிப் போக வேண்டும். பிரபஞ்சத்தில் நம்மால் பார்க்க முடிந்த எல்லையோ, நிஜ நிலா இருக்கும் தூரத்தைப் போல ஐம்பது மடங்குக்கு அந்தப் பக்கம்.

இப்போது மூலத்துக்கு வருவோம். விருச்சிகத்தின் வால்பகுதியில் மூலம் என்று நாம் காட்டுகிற நட்சத்திரங்கள் சில நூறு ஒளியாண்டு தூரத்தில் இருப்பவை. நம் கணக்கில் அவை ராஜபாளையத்து அடுத்த தெருக்களில் இருக்கின்றன. மையமோ ஸ்ரீவில்லிபுத்தூரில். அடுத்த தெருவில் நிற்கும் ஒருவரின் தலைக்கு நேர் பின்னால் தூரத்துக் கோபுரம் தெரிந்தால், அவருக்கும் கோபுரத்துக்கும் உறவு என்று ஆகிவிடுமா? அந்த ஆசாமிதான் நம் வீட்டு மாமனாரின் ஆயுளைத் தீர்மானிக்கிறார் என்பது அதைவிட வேடிக்கை. வேடிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் முப்பது வயதுவரை ஜாதகம் திரும்பித் திரும்பி வருகிற பெண்ணுக்கு அது வேடிக்கை இல்லை.

மையம் எங்கே என்று கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமாகவும் இருக்கவில்லை. 1785-ல் வில்லியம் ஹெர்ஷல் வானத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து, சூரியன் கிட்டத்தட்ட நடுவில்தான் இருக்கிறது என்று படம் வரைந்தார். அவரை ஏமாற்றியது விண்வெளித் தூசி. மார்கழி அதிகாலையில் மதுரை ரோட்டில் பனிமூட்டத்துக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும். முன்னால் ஐம்பது அடி தெரியும், பின்னால் ஐம்பது அடி தெரியும். உலகத்துக்கே நடுவில் நாம்தான் இருப்பதுபோல இருக்கும்!

1918-ல் ஹார்லோ ஷேப்லி வேறு வழியில் போனார். உருண்டையான நட்சத்திரக் கொத்துகள் வானத்தில் எங்கே அதிகம் என்று பார்த்தார். அவை தனுசு ராசிப் பக்கமாக ஒருசாய்ந்து கிடந்தன. அப்படியானால் நடு அங்கே. நாம் ஓரமாக இருக்கிறோம். தூரத்தை இரண்டு மடங்குக்கு மேல் அதிகமாகச் சொல்லிவிட்டார், அது வேறு விஷயம். அந்த மையத்தில் சுமார் 40 லட்சம் சூரியன்களின் நிறை கொண்ட கருந்துளை இருப்பதைக் காட்டியதற்காக ஆண்ட்ரியா கெஸ், ரெய்ன்ஹார்ட் கென்செல் இருவருக்கும் 2020-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 2022 மே மாதம் அதன் படமே வந்துவிட்டது. ரேடியோவும் அகச்சிவப்புக் கருவிகளும் வருமுன் எவருக்கும், எந்த நாட்டு முன்னோருக்கும், தூசியைத் தாண்டி அங்கே பார்க்க வழி இருந்ததில்லை.

முன்னோர் பெருமை பேச வேண்டுமானால் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல விஷயம் கைவசம் இருக்கிறது. திருப்பாவையின் பதின்மூன்றாம் பாசுரத்தில், விடியற்காலையில் ஒரு பக்கம் சுக்கிரன் உதித்ததையும் மறுபக்கம் குரு மறைந்ததையும் ஆண்டாள் குறித்திருக்கிறார். அதை வைத்துத்தான் மு. இராகவையங்கார் ஆண்டாளின் காலத்தை கி.பி. 731 என்று கணித்தார். வேறு ஆண்டுகளைச் சொன்னவர்களும் உண்டு. ஆண்டு எதுவானாலும் இருக்கட்டும், பாட்டில் வானத்தைக் குறித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! இல்லாத கருந்துளை அறிவை அவர்கள் தலையில் ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு தற்செயலையும் சொல்ல வேண்டும். மார்கழி பிறந்து மூன்று நான்கு நாட்களில் சூரியன் நமக்கும் பால்வெளி மையத்துக்கும் கிட்டத்தட்ட நடுவே வந்து நிற்கிறது. திருப்பாவை பாடும் காலத்தில் மையம் பகலில்தான் மேலே இருக்கும், பார்க்க முடியாது. பார்க்க வேண்டுமானால் ஆடிப்பூரம் வரை காத்திருக்க வேண்டும். பூரம் எப்போதும் ஆடியில் வளர்பிறையின் முதல் சில நாட்களிலேயே வந்துவிடுவதால், நிலா மெலிந்திருக்கும், முன்னிரவிலேயே மறைந்தும்விடும். தேர் பார்த்துவிட்டு இரவு ஒன்பதரை, பத்து மணிவாக்கில் ஊர் வெளிச்சத்தைத் தாண்டி ஏதாவது ஒரு கண்மாய்க் கரைக்குப் போய்த் தெற்கே திரும்பி நின்றால், பாதி வானத்துக்குச் சற்று மேலே, தேளின் வாலுக்கு இடப்பக்கம், பால் சிந்தியதுபோல வெளுப்பாகத் தெரியும். அந்த வெளுப்புக்குப் பின்னால்தான் மையம். மலைப்பக்கத்து ஆடி மேகம் கொஞ்சம் வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.