பெயர்ப்பலகைக்குப் பின்னால்

மாத்தளை, அக்குரம்பொடையில் வீர கெப்பெட்டிபொலவின் பெயரில் ஒரு பாடசாலை உண்டு. 1817இல் ஊவாக் கிளர்ச்சியை அடக்க ஆங்கிலேயர் அனுப்பிய திசாவை அவர். அவர்கள் தந்த ஆயுதங்களை அவர்களுக்கே திருப்பி அனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818இல் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவரைத் துரோகியாக்கிய பிரகடனம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

வெல்லஸ்ஸவில் ஹாஜி மரைக்காரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்ததும் அக்கிளர்ச்சிக்கு ஒரு காரணம். கிளர்ச்சியாளர்கள் அவரைக் கொன்றார்கள். மட்டக்களப்பு வாவிக்கரையில் உயர்தரம் படிக்கும் முஸ்லிம் மாணவியான எனக்கு இது மனதை உறுத்துகிறது.

ஆனாலும் அந்தப் பெயரை மாற்றச் சொல்லமாட்டேன். பகைவனின் துப்பாக்கியையும் வைத்துக்கொள்ளாத நேர்மை மதிக்கத்தக்கது. என் வேண்டுகோள் ஒன்றுதான்: கெப்பெட்டிபொலவைப் படிக்கும் பிள்ளைகள் மரைக்காரையும் படிக்கட்டும். மரைக்காருக்காக வருந்தும் நாமும் கெப்பெட்டிபொலவைப் படிப்போம்.