தன் பெயரில் ஒரு வாக்கு

2024ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலுக்குச் சில நாள்களே இருந்தன. முந்தைய ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் சேர்ந்திருந்த மாணவி ஒருத்தி, சான்றிதழ் ஒன்றில் கையொப்பம் பெறப் பள்ளிக்கு வந்திருந்தாள். வந்த வேலை முடிந்த பின்னும் அவள் புறப்படவில்லை. சற்றுத் தயங்கி நின்று, "ஐயா, எங்கள் வீட்டில் ஐந்து வாக்குகள். ஐந்துக்கும் பணம் வந்துவிட்டது. பாட்டி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறார். கைநீட்டி வாங்கிவிட்டு மாற்றிப் போடுவது பாவம் என்கிறார். ஐந்தாவது வாக்கு என்னுடையது. நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள்.

எந்தக் கட்சியின் பணம் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அவளிடம் அரைகுறையாகச் சொன்னவற்றை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். முதன்முறை வாக்களிக்கப் போகும் உங்களில் பலர் இதே கேள்வியோடு நிற்கக்கூடும்.

அந்தப் பாட்டியை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அவருடையது. சொன்ன சொல்லைக் காப்பது அவருக்கு அறம். ஆயினும் நன்றி என்பது கைம்மாறு கருதாத உதவிக்கு உரியது. எண்ணிப் பார்த்து, தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுவது உதவியன்று, விலை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் அதன் 123ஆம் பிரிவில் இதனைக் கையூட்டு என்றே கூறுகிறது. கொடுப்பது மட்டுமன்று, பெறுவதும் குற்றமே. 2019இல் வேலூர்த் தொகுதியில் பெருந்தொகை கைப்பற்றப்பட்டதைத் தொடர்ந்து அங்குத் தேர்தலே இரத்துச் செய்யப்பட்டு, ஆகஸ்டு 5 அன்று தனியாக வாக்குப்பதிவு நடந்ததை நாம் அறிவோம். குற்றமாகிய ஒரு கொடுக்கல் வாங்கலில் பிறந்த வாக்குறுதி எவரையும் கட்டுப்படுத்தாது. மேலும், பாட்டி தம்முடைய வாக்கைப் பற்றிச் சொல் கொடுக்கலாம். பேத்தியின் வாக்கைப் பற்றிச் சொல் கொடுக்க அவருக்கு உரிமை ஏது?

பெயர் சொல்லாத பெண்கள்

வீட்டுக்கு ஒருவர் முடிவெடுப்பதும் மற்றவர் பின்பற்றுவதும் நம் நாட்டில் பழைய பழக்கம். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் 1951 – 52இல் நடைபெற்றது. ஏறத்தாழ 17 கோடி வாக்காளர்களுக்குப் பட்டியல் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தது. கணக்கெடுக்கச் சென்றவர்களிடம் பெண்கள் பலர் தம் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவு செய்யச் சொன்னார்கள். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அவ்வாறு பதிவதை ஏற்கவில்லை. விளைவாக, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. கடுமையான முடிவுதான். அவர்கள் அந்தத் தேர்தலில் வாக்களிக்க இயலவில்லை என்பதை நினைக்கும்போது வருத்தமே மேலிடுகிறது. எனினும் அம்முடிவின் உட்பொருள் தெளிவானது: வாக்கு என்பது குடும்பத்துக்கு உரியதன்று, தனக்கெனப் பெயருடைய ஓர் ஆளுக்கு உரியது.

இவ்விடத்தில் உத்திரமேரூரையும் நினைக்கலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு கூறும் குடவோலை முறையை நாம் பெருமையோடு பேசுகிறோம். பெருமைக்குரியதுதான். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர இயலாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். ஆனால், குடத்துக்குள் ஓலையிடப்படுவதற்குக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35 முதல் 70க்குள் இருக்க வேண்டும். இறுதியில் ஓலையை எடுத்தது ஒரு சிறுவனின் கை. அது திருவுளச் சீட்டு. மக்கள் தேர்ந்தது அன்று. நிலமற்ற வீட்டுப் பெண்ணொருத்தி பதினெட்டு வயதில் தானே தேர்ந்தெடுக்கலாம் என்னும் நிலை அண்மைக் காலத்தது. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனதுகூட 61ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 1989இல்தான்.

தடுப்பின் பின்னே

"யாருக்குப் போட்டோம் என்று கண்டுபிடித்துவிடுவார்களாமே?" என்பது அம்மாணவியின் அடுத்த கேள்வி. ஊரில் அப்படியொரு பேச்சு எப்போதும் உலவும். வாக்குச்சாவடி வாரியாக எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்குகள் என்பது பின்னர் வெளியிடப்படுவது உண்மை. ஆனால், அந்தச் சாவடியில் வாக்களித்த இன்னார் இன்னாருக்கு வாக்களித்தார் என்பதை அறிய வழியில்லை. வேட்பாளரின் பெயரும் சின்னமும் தாங்கிய தாள் சீட்டு ஏழு நொடிகள் மட்டும் கண்ணாடிக்குப் பின் தெரிந்து, பெட்டிக்குள் விழுந்துவிடுகிறது. அதில் வாக்காளரின் பெயர் இருப்பதில்லை. யாருக்கு வாக்களித்தாய் என்று எவரையும் சொல்லும்படி வற்புறுத்த இயலாது என்கிறது மேற்சொன்ன சட்டத்தின் 94ஆம் பிரிவு. பணம் கொடுத்தவரிடமிருந்தும், சாதித் தலைவரிடமிருந்தும், ஏன், அன்பு மிகுந்த உறவினரிடமிருந்தும்கூட வாக்காளரைக் காக்கவே அந்த அட்டைத் தடுப்பு அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.

எதைக் கொண்டு முடிவெடுப்பது?

பணத்தை ஒதுக்கிவிட்டால் முடிவு எளிதாகிவிடும் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. உண்மையில் அதன் பிறகே முடிவு கடினமாகிறது.

மக்களவைத் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் கேட்கிறோம். அவை உள்ளாட்சியின் பணிகள். நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தொகுதி வளர்ச்சிக்கென ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்பது மெய். ஆனால் அவருடைய முதன்மைப் பணி சட்டமியற்றுவதும், ஒன்றிய அரசின் வரவுசெலவுத் திட்டத்தை ஆராய்வதும், அமைச்சர்களைக் கேள்வி கேட்பதுமாகும். நாகப்பட்டினத்து மீனவர் கடலில் சிறைபிடிக்கப்பட்டால் அது வெளியுறவுத் துறைக்குச் செல்லும் செய்தி. திருப்பூர்ப் பின்னலாடையின் ஏற்றுமதியும், கல்விக்கடனின் வட்டியும், ஊருக்கு வரும் தொடர்வண்டியும் தில்லியில் முடிவாகின்றவை. ஐந்தாண்டுகள் உறுப்பினராக இருந்தவர் இவை பற்றி அவையில் என்ன கேட்டார் என்பது நாடாளுமன்றத்தின் இணையதளத்திலேயே உள்ளது. தேடிப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கடன், கல்வி, நிலுவையிலுள்ள குற்றவழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழி ஆவணத்தில் தெரிவிக்க வேண்டும். உச்சநீதிமன்றம் 2002, 2003ஆம் ஆண்டுகளில் வழங்கிய தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை இது. உத்திரமேரூரார் கேட்ட கணக்குக்கு இன்றைய வடிவம் என்று இதனைச் சொல்லலாம். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எவரும் பார்க்கலாம். எத்தனை பேர் பார்க்கிறோம்?

"ஆளைப் பார்த்து வாக்களி, கட்சியைப் பாராதே" என்னும் அறிவுரையை மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச்சட்டத்தின்படி, தம் கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடும். நல்லவர் என்று நாம் அனுப்பியவரும் பெரும்பாலும் கட்சி சொன்னபடியே கை தூக்குவார். எனவே தேர்தல் அறிக்கையையும் படித்தாக வேண்டும்; சென்ற முறை சொன்னதையும் செய்ததையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஆளும் கட்சியும் இரண்டும் சரியாக அமைவது அரிது. எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கலாகாது என்பதை வாக்காளரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

எவரையும் பிடிக்கவில்லை என்றால் 'நோட்டா' இருக்கிறதே என்பார்கள். 2013 முதல் இவ்வசதி உள்ளது. 2024இல் இந்தூர்த் தொகுதியில் அதற்கு 2 இலட்சத்துக்கும் மிகுதியான வாக்குகள் விழுந்தன. எனினும் நோட்டாவே முதலிடம் பெற்றாலும், வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குகள் பெற்றவரே மக்களவைக்குச் செல்வார். அது எதிர்ப்பைப் பதிவு செய்யும் வழி, அவ்வளவே. ஒரு வாக்கால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்வோர், 1998இல் இராஜ்மகால் தொகுதியின் வெற்றி 9 வாக்குகளிலும், 2024இல் வடமேற்கு மும்பையின் வெற்றி 48 வாக்குகளிலும் முடிவானதைப் பார்க்கட்டும்.

தேர்தல் முடிந்து, விரலில் மை மங்காத நாளொன்றில் அம்மாணவி மீண்டும் வந்தாள். யாருக்கு வாக்களித்தாய் என்று நான் கேட்கவில்லை. வீட்டில் கேட்டார்களா என்று மட்டும் கேட்டேன்.

"பாட்டி கேட்டார், ஐயா. சொல்ல மாட்டேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், 'அந்தத் தாளில் வேட்பாளரைப் பற்றி என்னவெல்லாம் எழுதியிருந்தது?' என்று கேட்டார்" என்றாள்.