நிற்கிற காரில் சாகிற பேட்டரி

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது கார்களும் அடங்கின. தூசி படிந்து நின்றவற்றை வாரங்கள் கழித்துக் கிளப்பப் போன பலருக்குக் கிடைத்தது 'டிக் டிக்' சத்தம் மட்டுமே. ஊரடங்கு போய்விட்டது, நிற்கும் கார்கள் போகவில்லை. மே மாதம் முழுக்க ஊருக்குப் போய்விடும் டெல்லிக் குடும்பத்தின் கார், கப்பல் வேலைக்குப் போனவரின் கார், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று வயதான பெற்றோர் வைத்திருக்கும் கார். கடைசி ரகம்தான் கவலைக்குரியது. நடுராத்திரியில் நெஞ்சுவலி என்று சாவியைத் திருகும்போதுதான் அது செல்ஃப் எடுக்காது.

ஓடாத கார் எதையும் செலவழிப்பதில்லை என்று நினைப்பது தவறு. பூட்டிய காரிலும் கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் கட்டளைக்குக் காத்திருக்கும் ரிசீவர் எல்லாம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கின்றன. கோளாறு இல்லாத காரிலேயே இது சாதாரணமாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை. அற்பமாகத்தான் தெரியும். ஆனால் 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 0.72 ஆம்பியர்-மணி போகிறது. சிறிய காரில் உள்ள 35 ஆம்பியர்-மணி பேட்டரி 24 நாளில் பாதி காலி. பிறகு வாங்கிப் பொருத்திய டேஷ்கேம் இருந்தால் அந்த நாள் இன்னும் சீக்கிரம் வரும். இது போக, எதனோடும் இணைக்காத பேட்டரியும் தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நாக்பூர் வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் காரின் கதியை யோசித்துக்கொள்ளலாம்.

இறங்கிய பேட்டரியை மறுபடி ஏற்றிக்கொண்டால் போயிற்று என்பதும் பாதிதான் உண்மை. 1859இல் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரியின் அடிப்படைக் குணம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது அதன் தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் செய்தால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய, கடினமான படிகங்களாக இறுகி, தகட்டின் அந்தப் பகுதியைப் பயனற்றதாக்கிவிடும். ஆக, பேட்டரியைக் கொல்வது உழைப்பு அல்ல, காலியாகக் கிடப்பது. இப்படிச் செத்ததை உற்பத்திக் குறை என்று வாதாடி வாரண்டியில் புதியது வாங்குவதும் எளிதல்ல.

இதற்கு வீடுகளில் நடக்கும் வைத்தியம் ஒரு சடங்கு. வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் என்ஜினை ஓடவிடச் சொல்வது. கணக்கு உதைக்கிறது. வாரத்தில் போனது சுமார் 5 ஆம்பியர்-மணி. அந்த ஐந்து நிமிடமும் பேட்டரிக்குள் 10 ஆம்பியர் போனதாக வைத்துக்கொண்டாலும் திரும்பியது ஒன்றுக்கும் குறைவு. ஏசியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதுவும் இல்லை. என்ஜின் சூடேறுவதற்குள் அணைப்பதால் சைலன்சரிலும் ஆயிலிலும் ஈரம் தங்குவது தனி நஷ்டம். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து: கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காரை ஓட்ட ஆள் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் சாலையில் ஓட்டட்டும். ஆள் இல்லையென்றால் சடங்கு வேண்டாம்.

மாற்று வழி எளிது. ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் முதலில் முழு சார்ஜ் ஏற்றி, பிறகு பேட்டரியின் நெகடிவ் இணைப்பைக் கழற்றிவிடலாம். எப்போதும் நெகடிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதுதான் கடைசி. மாற்றிச் செய்தால், பாசிடிவில் இருக்கும் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். கழற்றியபின் கடிகாரமும் ரேடியோவும் மறந்து போகும். சில கார்களில் ரேடியோ ரகசிய எண் கேட்கும். ரிமோட் வேலை செய்யாது என்பதால் கதவைத் திறக்கும் சாதாரணச் சாவி கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் ஸ்பேனரைத் தொடவேண்டும். பலர் இதை பானெட்டை மூடிய பிறகே யோசிக்கிறார்கள்.

பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் இன்னும் நல்லது. பேட்டரி நிறைந்ததும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, அதைத் தாங்கி நிற்கும் தானியங்கி சார்ஜர்கள் கிடைக்கின்றன. பட்டறையில் இருக்கும் பழைய ரக சார்ஜரை அப்படி விட்டுவிட்டுப் போகக்கூடாது. தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தகடுகளைக் காய வைத்துவிடும். பேட்டரியை வீட்டுக்குள் எடுத்து வந்து சார்ஜ் செய்பவர்கள் ஜன்னலைத் திறந்துவைக்க வேண்டும். சமையலறையும் சாமி விளக்கு எரியும் அறையும் கூடாது. வெளிவருவது ஹைட்ரஜன். சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று பலகை தேடுபவர்கள் இன்றும் உண்டு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தப் பயம் தேவையில்லை.

நிலவரம் அறிய சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுமை, 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. 12.4க்குக் கீழே போவதற்குள் சார்ஜ் ஏற்றிவிடுவது நல்லது. மூடி திறக்கும் வகையானால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும், ஆசிட் அல்ல. லடாக்கில் காரை விட்டுவிட்டு வருபவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: காலி பேட்டரியின் திரவம் மைனஸ் 10 டிகிரி வாக்கிலேயே உறைந்து பெட்டியைப் பிளக்கும், நிறைந்தது மைனஸ் 50லும் உறையாது. மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் சிரிக்க வேண்டாம். அதிலும் கதவையும் கம்ப்யூட்டரையும் எழுப்ப ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி உண்டு. அது செத்தால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் எழுந்திருக்காமல் போகலாம்.

ஊருக்குப் போகும் குடும்பம் வீட்டில் செய்யும் தப்பும் இதே வகைதான். மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புகிறார்கள். மின்வெட்டு என்று நினைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர், அணைக்க மறந்த வைஃபை பெட்டிக்கும் இரவு விளக்குக்கும் மின்சாரம் கொடுத்து ஓய்ந்து, மாதம் முழுக்கக் காலியாகக் கிடக்கிறது. மெயினை அணைக்கும் முன்பு பேட்டரி முழுதாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுவது நல்லது.

அப்படியும் செத்துப்போன பேட்டரி காயலான் கடைக்குப் போகக்கூடாது. திறந்த வெளியில் அதை உடைத்து ஈயம் உருக்கும் இடங்களில், புகையும் மண்ணும் முதலில் பாதிப்பது சுற்றியுள்ள குழந்தைகளின் மூளையை. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழையதைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைத்திருக்கின்றன. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையிலும் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழிவு என்பதை பில் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.