கைக்கு வந்து சேர்வதுதான் கணக்கு

நம் சங்கக் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டில் இருக்கிறார்கள். மாதாமாதம் பணமும் வருகிறது. அனுப்புகிறவர்களுக்கு எல்லாம் தெரியும், நாம் போய் வாங்கிக்கொண்டால் போதும் என்று பெரியவர்கள் இருந்துவிடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து. வாங்குகிறவருக்கும் விதிமுறை தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் பெயர். பணப் பரிமாற்ற நிறுவனங்களின் முகவரிடம் ரொக்கமாக வாங்கும்போது, அனுப்பியவர் எழுதிய பெயரும் நம் அடையாள அட்டையிலுள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். தமிழர்களான நமக்கு இங்கேதான் சிக்கல். படிவத்தில் குடும்பப் பெயர் கேட்பார்கள். பிள்ளை தாத்தா பெயரை முழுதாக எழுதுவான். நம் அட்டையிலோ வெறும் இனிஷியல் இருக்கும். கவுண்டரில் இருப்பவர் திருப்பி அனுப்பினால் அவர்மேல் குற்றமில்லை. அட்டையில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது வரம்பு. ரிசர்வ் வங்கி விதிப்படி, இவ்வழியில் ஒரு தடவைக்கு 2,500 டாலர். ஒருவருக்கு ஆண்டுக்கு 30 தடவை. 50,000 ரூபாய் வரைதான் கையில் ரொக்கம். அதற்கு மேல் வங்கிக் கணக்கின் மூலமே. ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் பணம் தேவைப்படும் அன்று இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

மூன்றாவது, மாற்று விலை. 'கட்டணமே இல்லை' என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு, 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் வாங்காதவர் டாலருக்கு 83 ரூபாய் தந்தால் வருவது 41,500. 4 டாலர் கட்டணம் பிடித்துக்கொண்டு 84.80 தருபவரிடம் வருவது 42,060. மாதம் 560 ரூபாய் வித்தியாசம்; ஆண்டுக்கு 6,720. வண்டி கிளம்பிய நேரத்தை வைத்து ரயில்வேயில் யாரும் பாராட்டமாட்டார்கள். வந்து சேர்ந்த நேரம்தான் கணக்கு. பணத்துக்கும் அப்படியே.

அதற்காக, கூடுதல் தருகிறார்களே என்று ஹவாலா ஆட்களை நாடாதீர்கள். அது சட்டவிரோதம். பணம் வராவிட்டால் கேட்க நாதியுமில்லை.

இந்த விவரமெல்லாம் குடும்பத் தலைவரோடு நின்றுவிடக் கூடாது. அவர் காலமான பிறகு, உள்ளூர் மொழியும் சரியாகத் தெரியாமல், மகன் அனுப்பிய பணத்துக்கே அடுத்தவர் துணையை நாடும் தாய்மார்கள் நம்மிடையே உண்டு. பொங்கல் விழாவுக்குக் கூடுகிற நாம், ஆண்டுக்கு ஒரு ஞாயிறு மாலை இதற்காகவும் கூடலாம். வங்கியில் பணியாற்றும் நம் உறுப்பினர்கள் சொல்லித் தரட்டும். பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும்.