தேய்மானம் அலங்காரமன்று

கருத்தரங்கச் சுவரொட்டி, நாவலின் அட்டை, உணவகப் பெயர்ப்பலகை, திரைப்படத் தலைப்பு என எங்கு நோக்கினும் ஒரே வகை எழுத்துரு: தடித்த உடல், அரித்த விளிம்பு, மை பிடிக்காமல் விட்டாற்போன்ற வெண்கீறல்கள். 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்க, ஐரோப்பிய மர அச்சுச் சுவரொட்டிகளை நினைவூட்டும் இப்பாணியை இந்திய எழுத்துகளின்மேல் அப்படியே ஏற்றுவதை ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. அது எழுத்துமுறையைப் பற்றிய அறியாமை.

ரோமன் பேரெழுத்தில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் தோற்றம் மட்டுமே மாறும். இந்திய எழுத்துகளிலோ சிறு குறியே பொருளைச் சுமக்கிறது. இந்தியில் 'ஹை' ஒருமை வினை. தலைமேல் ஒரு புள்ளி ஏறினால் மூக்கொலி பெற்றுப் பன்மையாகிறது. வங்காளத்தில் பகரத்தையும் ரகரத்தையும் பிரிப்பது கீழ்ப்புள்ளி ஒன்றே. தமிழில் புள்ளி அழிந்தால் 'பல்' 'பல' ஆகிவிடும். கீறல் ஒரு புள்ளியை விழுங்கினாலும், மைத்துகள் இல்லாத புள்ளியை உண்டாக்கினாலும் சொல் மாறிப்போகிறது.

சூழல் பொருளை உணர்த்திவிடும் என்பது வடிவமைப்பாளர் தரப்பின் வாதம். பத்திக்குள் வரும் சொல்லுக்கு அது பொருந்தும். ஆனால் இவ்வெழுத்துரு பயன்படும் இடமோ தலைப்பு. ஆள்பெயர், ஊர்ப்பெயர், நூற்பெயர் ஆகியவை சூழலின் துணையின்றித் தனித்து நிற்கும் இடம் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறாருக்கும் புதிதாய் எழுத்தறிந்த முதியோருக்கும் ஊகம் கைகொடுப்பதில்லை.

'பழமைக்குச் செய்யும் மரியாதை' என்ற நியாயமும் நிற்காது. 1778இல் ஹூக்ளியில் அச்சான ஹால்ஹெட்டின் வங்க இலக்கண நூலுக்காக எழுத்து வார்த்த சார்லஸ் வில்கின்ஸும் அவருடன் உழைத்த பஞ்சானன் கர்மகாரும் நாடியது தெளிவை. மும்பை நிர்ணய சாகர் அச்சகம் பெயர் பெற்றதும் தெளிவான தேவநாகரி அச்சுக்காகவே. உடைந்த அச்சு உருக்குக் கலத்துக்குத் திரும்பியது. தேய்மானம் அவர்கள் போராடிய எதிரி. அதையே அவர்களின் அடையாளமாக்குவது வரலாற்றுத் திரிபு. அந்தத் தேய்மானமும் பெரும்பாலும் போலியே: உலோக அச்சில் ஒவ்வொரு துண்டும் தன் வழியில் தேயும், எழுத்துருவிலோ எல்லா ககரத்துக்கும் ஒரே இடத்தில் ஒரே கீறல்.

பழைய நூல்களின் மங்கிய எழுத்தைக் கணினி பிழையின்றி வாசிப்பதற்காக ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அதே பல்கலைக்கழகங்களின் கருத்தரங்க அழைப்பிதழ்கள் புதிய எழுத்தை வேண்டுமென்றே மங்கச் செய்கின்றன.

எழுத்துருவைத் தடை செய்ய வேண்டியதில்லை. புள்ளியையும் உயிர்க்குறியையும் எழுத்தின் உள்வெளியையும் கீறல் தீண்டலாகாது. தடித்த கோட்டின் உடலோடு அது நிற்கட்டும். அம்மொழியைப் படிக்கத் தெரிந்த ஒருவர் மெய்ப்புப் பார்க்காமல் எந்தத் தலைப்பும் அச்சுக்குப் போகக்கூடாது. மொழித்துறைகளேனும் இதைத் தம் சுவரொட்டிகளிலிருந்து தொடங்க வேண்டும்.