பெயர் மாறாத வண்டியும் தேடி வராத அபராதமும்

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் 1,052 ஏக்கரில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்கா அமையும் என்று 2023 மார்ச்சில் அறிவிப்பு வந்ததிலிருந்து அங்குள்ள நிலம், தண்ணீர், வேலைவாய்ப்பு பற்றி நிறையவே பேசியிருக்கிறோம். சாலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. குமாரலிங்கபுரம் தொடங்கி அருப்புக்கோட்டை, திருச்சுழி வரையிலான மானாவாரிக் கரிசல் காட்டில் பேருந்து நேரத்தை நம்பி யாரும் வேலைக்குப் போவதில்லை. பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லோ, இரண்டாவது மூன்றாவது கை மாறி வந்த பைக்கோதான் அந்த மக்களுக்குக் கால். கிராமச் சாலையிலிருந்து மதுரை - தூத்துக்குடி நெடுஞ்சாலைக்கோ, மதுரை - கன்னியாகுமரி நெடுஞ்சாலைக்கோ ஏறிய உடனே வாகனச் சோதனை. "கேஸ் எழுதிட்டாங்க" என்ற பேச்சு இல்லாத டீக்கடை அங்கே இல்லை.

மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் 2019 செப்டம்பர் 1-ல் நடைமுறைக்கு வந்தது. உயர்த்தப்பட்ட அபராதத் தொகைகளைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில்தான் அமல்படுத்தியது. ஹெல்மெட் இல்லாமல் போனால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல்முறை 2,000, மறுமுறை 4,000. நூறு நாள் வேலைக்கு 2025-26ல் தமிழகத்துக்கு நிர்ணயித்த தினக்கூலி 336 ரூபாய். ஒரு ஹெல்மெட் வழக்கு என்பது ஏறக்குறைய மூன்று நாள் கூலி.

தொகை அதிகமா, நியாயமா என்பது தனி விவாதம். ஹெல்மெட் உயிரைக் காக்கிறது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு சிக்கல். இந்த வட்டாரத்தில் பலருக்குத் தங்கள் வண்டியின் மேல் அபராதம் இருப்பதே தெரியாது. வண்டியை விற்கப் போகும்போதோ, வேறு வேலையாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போகும்போதோ "நாலு சலான் பாக்கி இருக்கே" என்று யாராவது சொன்ன பிறகுதான் தெரிகிறது. அதற்குள் அது காவல்துறையின் கையை விட்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும்.

ஏன் தெரியாமல் போகிறது? சலான் போட்டதும் குறுஞ்செய்தி வருகிறது. அது எந்த எண்ணுக்கு வருகிறது என்பதுதான் கேள்வி. வண்டி பதிவான அன்று ஷோரூமில் கொடுத்த எண்ணுக்குப் போகும். அந்த சிம் இன்று யாரிடம் இருக்கிறதோ! வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் ரியாத்தில் இருப்பார், ஊரில் ஓட்டுபவர் மச்சானாக இருப்பார். வேடிக்கை என்னவென்றால், அங்கே அப்ஷர் செயலியைத் திறந்து தன் மேல் ஏதாவது முஹாலஃபா விழுந்திருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கிற சகோதரருக்கு, ஊரில் நிற்கும் தன் வண்டிக்கும் அப்படிப் பார்க்க வழி உண்டு என்பது தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய காரணம் ஓப்பன் ஃபார்ம். கன்சல்டிங்கில் வண்டி வாங்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் பழைய உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கி, வாங்குபவர் பெயர் எழுதாமல் அப்படியே வைத்துக்கொள்வார்கள். பெயர் மாற்றச் செலவு மிச்சம், நாளைக்கு விற்பதற்கும் வசதி. இப்படியே வண்டி நான்கு கை மாறிவிடும். ஆர்.சி. புத்தகத்தில் முதல் ஆள் பெயர்தான் நிற்கும். சட்டத்தின் 50-வது பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் தகவல் தர வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விற்றுவிட்டேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அது விபத்து இழப்பீட்டு வழக்கு. ஆயிரம் ரூபாய் சலானோடு ஒப்பிட முடியாத தொகைகள் அதில் வரும். வண்டியை விற்று மூன்று வருடம் ஆன பிறகு, யாரோ ஓட்டி யாரையோ இடித்ததற்கு நம் வாசலில் நோட்டீஸ் ஒட்டப்படலாம் என்பதை ஓப்பன் ஃபார்மில் கையெழுத்துப் போடும் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

வண்டியின் மேல் என்ன பாக்கி இருக்கிறது என்று பார்ப்பது கடினமல்ல. மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் இ-சலான் பக்கம் இருக்கிறது. சலான் எண், வண்டி எண், ஓட்டுநர் உரிம எண் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை வைத்துத் தேடலாம். வண்டி எண் கொடுத்தால் கூடவே சேசிஸ் எண் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களைக் கேட்கும். அது ஆர்.சி.யில் இருக்கிறது. ஆர்.சி. கன்சல்டிங்காரரிடம் கிடந்தால் முதலில் அதை வாங்குங்கள். இருக்கும் சலான்கள் எல்லாம் தேதி, இடம், பிரிவு, தொகையோடு வரும். ஒரே நாளில், ஒரே இடத்தில், ஒரே குற்றத்துக்கு இரண்டு பதிவுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படம் இணைத்திருந்தால் அது உங்கள் வண்டிதானா என்றும் பாருங்கள். டிஎன் 67 வரிசையில் ஒரு எழுத்தோ ஒரு எண்ணோ மாறித் தட்டினால் போதும், திருச்சுழியில் நிற்கும் எக்ஸ்எல்லுக்கு அது போகாத ஊரில் அபராதம் விழும்.

குறிப்பிட்ட காலத்தில் கட்டாத சலான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்படும். இதற்காகவே மெய்நிகர் நீதிமன்றம் என்று ஒன்று இயங்குகிறது. போக்குவரத்து வழக்குகளுக்கான முதல் மெய்நிகர் நீதிமன்றம் 2019-ல் டெல்லியில் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டுக்கும் அந்தத் தளத்தில் இடம் உண்டு. வழக்கு அங்கே போயிருந்தால் அங்கேதான் தேட வேண்டும், அங்கேதான் கட்ட வேண்டும். ஒரு தளத்தில் இல்லை என்பதால் பாக்கியே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பணம் கட்டும்போது கணக்கில் தொகை கழிந்து, சலான் மட்டும் 'பாக்கி' என்றே காட்டினால், பதறி மறுபடி கட்ட வேண்டாம். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்து, இரண்டொரு நாள் பொறுத்து நிலையைச் சரிபாருங்கள். ரசீதை அச்செடுத்து ஆர்.சி.யோடு வையுங்கள்.

செய்யாத குற்றம் என்றால் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. பலர் "ஆயிரம்தானே, ஒழியட்டும்" என்று கட்டிவிடுகிறார்கள். கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். சில குற்றங்களில் அடுத்த முறை தொகை கூடுவதற்கும் அதுவே வழி. சலான் பக்கத்திலேயே புகார் பதியும் வசதி உண்டு. சலான் போட்ட காவல் நிலையத்தில் வண்டியோடு ஆர்.சி.யையும் காட்டி எழுத்தில் மனு கொடுக்கலாம். மெய்நிகர் நீதிமன்றத்தில் 'எதிர்க்கிறேன்' என்று பதிந்தால், வழக்கு அந்த எல்லைக்குரிய நேரடி நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். ஒரு நாள் கூலி போகும், அதை மறைக்கவில்லை. அதனால்தான் ஏழைகள் பொய்யான சலானையும் கட்டிவிடுகிறார்கள். இது சட்டத்தின் குறை.

இந்த அறியாமையில் குளிர்காய்பவர்களும் இருக்கிறார்கள். 'உங்கள் வாகனத்துக்கு அபராதம்' என்று வாட்ஸ்அப்பில் செய்தி வரும், கூடவே ஏபிகே கோப்பு ஒன்று இருக்கும். எம்பரிவாகன் செயலி போலவே இருக்கும். அதை நிறுவினால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எல்லாம் திருடனுக்கும் போகும், வங்கிக் கணக்கு காலியாகும். தனக்குச் சலான் உண்டா இல்லையா என்று தெரியாதவர்தான் இதில் எளிதாக விழுகிறார். அரசு ஏபிகே கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பாது. அரசுத் தளத்தின் முகவரி ஜிஓவி டாட் இன் என்றுதான் முடியும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

மார்க்க ரீதியாக நம்மிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பண அபராதம் ஹனஃபி மத்ஹபில் கூடாதாமே, கட்டாமல் விட்டால் என்ன?" பொருளைக் கொண்டு தஃஸீர் செய்வது பற்றிய சர்ச்சை கிதாபுகளில் இருப்பது உண்மை. ஹனஃபி அறிஞர்களில் பெரும்பாலோர் கூடாது என்றனர். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அனுமதித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. இப்னு தைமிய்யா (ரஹ்), இப்னுல் கய்யிம் (ரஹ்) இருவரும் அனுமதித்தனர். ஆனால் அந்தச் சர்ச்சை ஆட்சியாளருக்கு உள்ள அதிகாரம் பற்றியது. வண்டியைப் பதிந்து, உரிமம் வாங்கி, சாலை விதிகளை ஏற்கிறோம் என்று கையெழுத்திட்டவர் தன் வாக்கை மீற அதை ஆதாரமாக்க முடியாது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதை நபி (ஸல்) அவர்கள் ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கற்றுத் தந்திருக்கும்போது, பாதையின் ஒழுங்கு நமக்கு அந்நியமான விஷயமாக இருக்க முடியாது. ஆகவே உண்மையில் செய்த மீறலுக்கான பாக்கியைக் கட்டிவிடுவதே சரி என்பது நம் கருத்து. இரவல் வாங்கி ஓட்டியவர் விழவைத்த சலானை இரவல் வாங்கியவர்தான் கட்ட வேண்டும். உரிமையாளர் சங்கடப்பட்டுக் கேட்காமல் இருந்தாலும் அவர் பொறுப்பு நீங்காது.

ரசீது இல்லாமல் 200 ரூபாயைக் கையில் திணித்துவிட்டு வருவதை நம்மவர்கள் 'சமாளிப்பு' என்கிறார்கள். லஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் சாபத்துக்குரியவர் என்ற ஹதீஸ் தெரிந்தவர்களே இதைச் செய்கிறார்கள். ஆயிரம் ரூபாய் கேட்கிற சட்டம் இந்தப் பழக்கத்துக்குத் தூண்டுதலாக இருக்கிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

தெலங்கானா 2022-ல் இரு சக்கர வாகனங்களின் பழைய பாக்கிக்கு 75 சதவீதம் தள்ளுபடி தந்தது. கர்நாடகா 2023 பிப்ரவரியில் பாதித் தொகையைக் குறைத்தது. மக்கள் திரண்டு கட்டினார்கள். ஆனால் இதில் நமக்குத் தயக்கம் உண்டு. அன்றைக்கே கட்டியவர் ஏமாளி ஆகிறார், அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருப்பவர் புத்திசாலி ஆகிறார். நாம் தமிழக அரசிடம் கேட்க வேண்டியது வேறு. கேமரா மூலம் போடும் சலானுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ சொல்கிறது. அதே கெடுவை எல்லாச் சலானுக்கும் வைத்து, பதிவான முகவரிக்குத் தமிழில் கடிதமாக அனுப்பட்டும். பெயர் மாற்றத்துக்கு ஒன்றிய அளவில் முகாம் போடட்டும். பட்டா மாறுதலுக்கு முகாம் நடத்த முடிகிற அரசுக்கு இது முடியாததல்ல.

ஜமாஅத்துகளும் அரசுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மஹல்லாவில் படித்த இளைஞர்கள் இருவர் ஜுமுஆ முடிந்து ஒரு மணி நேரம் கைப்பேசியோடு உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் ஊர் வண்டிகள் அத்தனையின் கணக்கும் வந்துவிடும். முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரின் வண்டிகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஓடிபியையும் வங்கி விவரத்தையும் மட்டும் அவர்கள் கேட்கவே கூடாது. பணத்தை அவரவரே கட்டட்டும்.

அப்படிப் பார்க்கும்போது தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டியவை மவ்த்தானவர்கள் பெயரில் ஓடும் வண்டிகள். வாப்பா இறந்ததும் மூத்த மகன் சாவியை எடுத்துக்கொள்கிறார், யாரும் கேட்பதில்லை. சட்டப்படி, இறந்த 30 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஷரீஅத்படி, வாப்பாவின் கடனைத் தீர்த்த பிறகு மிஞ்சும் பொருளில் பிள்ளைகளோடு விதவைக்கு எட்டில் ஒன்று, தாயார் இருந்தால் அவருக்கு ஆறில் ஒன்று, சகோதரிகளுக்கும் பங்கு உண்டு. அந்த வண்டியும் அந்தப் பொருளில் ஒன்று. நாற்பதாயிரம் பெறுமானமுள்ள வண்டியை மகன் எடுத்துக்கொண்டால் மற்றவர்களின் பங்கைப் பணமாகக் கொடுக்க வேண்டும், அல்லது அவர்கள் மனமுவந்து விட்டுத்தர வேண்டும். பெயர் மாற்றத்துக்கு மற்ற வாரிசுகளின் ஒப்புதலை அலுவலகத்தில் எழுத்தில் கேட்கும்போதுதான் பல வீடுகளில் உம்மாவிடமும் சகோதரிகளிடமும் முதல்முறையாக அனுமதி கேட்கப்படுகிறது.