ராமச்சந்திரன் வரைபடமும் ப்ராஜக்ட் மருந்துகளும்

அக்டோபர் வந்து நோபல் பட்டியல் வெளியானால் ஒரு புலம்பல் தவறாமல் கிளம்பும். ஜி.என்.ராமச்சந்திரனுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டார்களே! 2024-ல் வேதியியல் பரிசு டேவிட் பேக்கர், டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் என்று புரதக்காரர்களுக்கே போனதில் புலம்ப இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது. ஸ்வீடன்காரர்கள் செய்தது இருக்கட்டும். அவர் வேலை செய்த ஊரிலேயே அவர் வேலைக்கு என்ன மரியாதை?

1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு அவர் தலைவராக வந்தபோது முப்பதை ஒட்டிய வயது. கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-ல் கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்று நேச்சர் இதழில் எழுதினார். அதற்கு உதவியது கங்காரு வாலின் தசைநாண். அடுத்த வருடமே கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். மூன்று இழை சரி, ஆனால் அந்த மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்பது குற்றச்சாட்டு.

அவர் செய்ததுதான் முக்கியம். அணுக்கள் நிஜத்தில் எவ்வளவு நெருங்கலாம் என்று தேட ஆரம்பித்தார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து, அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளிலிருந்து தூரங்களைத் திரட்டினார். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே 3.2 ஆங்ஸ்ட்ராம், போனால் போகிறதென்று 3.0, இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு எல்லை. பிறகு புரதச் சங்கிலியின் ஃபை, சை என்ற இரண்டு கோணங்களையும் சுழற்றிப் பார்த்தால், பெரும்பாலான இடங்களில் அணுக்கள் மோதிக்கொள்கின்றன. தப்பிப்பது சில தீவுகள் மட்டுமே. 1963-ல் வெளியான அந்தப் படம்தான் ராமச்சந்திரன் வரைபடம். இன்றைக்கும் புரதத் தரவு வங்கிக்குப் போகும் புரத அமைப்புகளை அதில் வைத்துத்தான் சோதிக்கிறார்கள்.

இனி நம்மூர் பயோடெக் ப்ராஜக்ட். அதே தரவு வங்கியிலிருந்து ஒரு புரதத்தை இறக்கு. துளசியிலோ நிலவேம்பிலோ உள்ள பத்து மூலக்கூறுகளை எடு. டாக்கிங் மென்பொருளில் போட்டு ஒரு ராத்திரி ஓடவிடு. காலையில் மைனஸ் 9.2 வந்ததா? "மருந்தாகும் வாய்ப்புள்ள மூலக்கூறு கண்டறியப்பட்டது." பைண்டிங், கையெழுத்து, முடிந்தது. 2020-ல் இதே சமையலைக் கொரோனா புரதங்களை வைத்துச் செய்த கட்டுரைகள் உலகம் முழுக்கக் குவிந்தன. வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தவனுக்கு அதில் எதனால் என்ன பிரயோஜனம்?

அந்த மைனஸ் 9.2 அளந்த எண் இல்லை, மதிப்பீடு. ஆட்டோடாக்கை உருவாக்கியவர்களே 2 கிலோகலோரிக்கு மேல் பிழை வரும் என்று எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.4 கிலோகலோரி மாறினாலே பிணைப்பின் வலிமை பத்து மடங்கு மாறிவிடும். 2 என்றால் ஏறத்தாழ முப்பது மடங்கு. இதில் 9.2 ஜெயித்தது, 8.8 தோற்றது என்று ரேங்க் போடுவது வேடிக்கை. கணினியால் மருந்து வராது என்பதில்லை. எச்.ஐ.வி. புரோட்டியேஸின் அமைப்பு 1989-ல் தெரிந்தது, அதைப் பிடித்து நிறுத்தும் சக்வினாவிர் 1995-ல் அனுமதி பெற்றது. நடுவே போன வருடங்களில் குடுவையும் படிகமும் நோயாளிகளும் இருந்தார்கள், வெறும் ஸ்கோர் இல்லை.

"எங்க காலேஜ்ல லேப் வசதி இல்ல, டாக்கிங்தான் முடியும்" என்பார்கள். நியாயம்தான், டாக்கிங்கே செய்யட்டும். ஆனால் படிகத்தில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மூலக்கூறை எடுத்துவிட்டுத் திரும்ப டாக் செய்தால் பழைய இடத்துக்கே, 2 ஆங்ஸ்ட்ராமுக்குள், வருகிறதா என்று பார்க்க என்ன செலவு? ஒட்டவே ஒட்டாது என்று தெரிந்த மூலக்கூறுகளுக்கு என்ன ஸ்கோர் வருகிறது என்று பார்க்க? பிணைப்புக் குழியைச் சுற்றியுள்ள அமினோ அமிலங்கள் ராமச்சந்திரன் வரைபடத்தில் எங்கே விழுகின்றன என்று பார்க்க? ஐந்து நிமிடம்! வரைபடத்தை மட்டும் பக்கம் 34-ல் கலரில் ஒட்டியிருப்பார்கள். ஏன் ஒட்டினோம் என்று ஒட்டியவருக்கும் தெரியாது, கைடும் கேட்டிருக்கமாட்டார்.

மாணவர்களைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னல் பக்கங்களைப் புரட்டிவிட்டு வடையும் காபியும் முடித்துக் கிளம்பும்வரை இது நடக்கும். ஒரே ஒருவர் அந்த 9.2-ஐக் காட்டி, "இது எவ்வளவு தப்பா இருக்கலாம், தம்பி?" என்று கேட்டால் போதும், அடுத்த பேட்ச் ராத்திரியோடு ப்ராஜக்டை முடிக்காது.